வெள்ளைக் காளானும் சிவந்த மஞ்சளும்

மாரியம்மாவை நினைத்துக்கொண்டுதான் நான் எந்த வேலையையும் தொடங்குவது. இதையும் அவள் பேரைச் சொல்லித்தான் எழுத உட்காருகிறேன். தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் தூங்கி வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கும். எங்கள் தோட்டத்தில் நடந்ததை நான் சொல்கிறேன்.

செடிக்கும் பூச்சிக்கும் புத்தகத்தில் என்ன பேர் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நிறத்தைப் பார்த்தோம், பேர் வைத்தோம். ரோட்டோரம் பூத்தது மஞ்சப்பூ. தண்ணீர் ஓடும் கானோரத்தில் படர்ந்தது ஊதாப்பூ. கடித்தால் தடித்துப் போவது செவப்பெறும்பு, கடித்தாலும் தட்டிவிட்டுப் போகலாம் என்பது கருப்பெறும்பு. கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடியது கருங்குளவிக்கு. தேயிலை இலையில் அம்மை போட்ட மாதிரி வெள்ளைக் கொப்புளம் எழும்பினால் கங்காணி ஐயா மலை வெளுத்துப்போச்சு என்பார். வெயில் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத பேன் விழுந்து இலை செம்பு நிறமானால் மலை செவந்துபோச்சு என்பார். இரண்டையும் ஒரே குரலில், வீட்டில் யாரோ படுத்துக் கிடக்கிற மாதிரி சொல்வார்.

என்னிடம் ஒரு பொன்வண்டு இருந்தது. நெருப்புப் பெட்டிக்குள் இலை போட்டு வைத்திருந்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் பச்சையாகத் தெரியும், சாய்த்தால் தங்கமாகும், இன்னும் சாய்த்தால் நீலம். எந்த நிறத்தை அதற்குப் பேராக வைப்பது என்று எனக்கும் தம்பிக்கும் தினமும் சண்டை. நான் சொல்லும் அந்த ஐப்பசியில்தான் அந்தப் பெட்டி தொலைந்தது. வண்டு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

அம்மா காலமாகி வருடம் திரும்பியிருந்தது. எங்கள் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே. அப்பா பூண்டுலோயாப் பக்கத்திலிருந்து சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். மெலிந்த உருவம், அதிகம் பேசமாட்டாள். லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஊமச்சி என்று பேர் வைத்துவிட்டார்கள். பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அந்தப் பேரைச் சொல்லவில்லை. ஆனால் யாராவது சொன்னால் மறுக்கவும் இல்லை. அம்மாவின் கடைசி நாட்களில் எங்கள் இரண்டு பேரையும் மடியில் போட்டு வளர்த்தவள் அத்தைதான். நேற்று வந்த ஒருத்தி எங்களுக்குச் சோறு போடுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அது பாசம் என்று அப்போதும் எனக்குத் தெரியும்.

சித்தி எங்களோடு பேசத் தொடங்கியதே நிறங்களால்தான். அவள் தோட்டத்தில் ஒரு செடிக்கு ஒரு பேர், எங்கள் தோட்டத்தில் வேறு பேர். அவள் சொன்னது எங்களுக்குப் புரியாது, நாங்கள் சொன்னது அவளுக்குப் புரியாது. அதனால் கையை நீட்டி, அந்தச் செவப்புக் காய், அந்த நீலப் பூ, அந்தக் கருப்புப் புழு என்று சொல்வாள். தம்பிக்கு அப்போது நான்கு வயது இருக்கும். வந்த கொஞ்ச நாளிலேயே அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு நிறம் காட்டித் திரிந்தான்.

ஐப்பசி இடி விழுந்தால் காளான் முளைக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். ஒரு சனிக்கிழமை முழுக்க இடித்தது. மறுநாள் ஞாயிறு, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு இல்லை. அப்பா அரிசி சாமான் வாங்க நோர்வூட்டுக்குப் போய்விட்டார். காலையில் சித்தி எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பழைய சவுக்கு மரங்கள் வெட்டிய இடத்துக்குப் போனாள். ஈர மண் வாசம். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரக் கட்டியை நுரைக்கத் தேய்த்திருந்தோம்.

அங்கே எத்தனை நிறத்தில் காளான்கள். வெட்டிய கட்டையில் தோடம்பழ ஆரஞ்சு நிறத்தில் அடுக்கடுக்காக ஒன்று. செத்தைக்குள் ஊதா நிறத்தில் மெல்லிசாக ஒன்று. சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த ஒன்றைத் தம்பி பிடுங்கப் போனான். சித்தி அவன் கையை வெடுக்கென்று இழுத்தாள். அழகாக இருப்பதைத் தொடாதே என்று சொன்னாள். புற்றுக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று குடை விரித்து ஒரு கூட்டம் நின்றது. அதற்குக் கொஞ்சம் தள்ளிப் புல்லில் இன்னொரு வெள்ளைக் கூட்டம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. சித்தி குனிந்து ஒவ்வொன்றையும் புரட்டி அடியைப் பார்த்தாள். புல்லில் நின்றவற்றுக்கு அடியில் பச்சை ஓடியிருந்தது. அதைக் காலால் மிதித்து நசுக்கினாள், வேறு பிள்ளைகள் எடுத்துவிடக் கூடாதென்று. புற்றுப் பக்கத்தில் நின்றதை மட்டும் முந்தானையில் கட்டினாள். இதை நம்பி நீங்கள் யாரும் காட்டில் போய்ப் பறித்துவிடாதீர்கள். கண்ணை நம்பிப் போன உயிர்கள் நம் மலையில் நிறைய உண்டு.

பகல் பன்னிரண்டு மணி போலக் குழம்பு இறங்கியது. மிளகு தட்டிப் போட்ட குழம்பு. இறைச்சிக் குழம்பு மாதிரி வாசம் வந்தது. எங்கள் வீட்டில் அம்மா போனபிறகு அப்படி ஒரு வாசம் எழும்பியதில்லை. தம்பி இரண்டு தரம் வாங்கித் தின்றுவிட்டுச் சாக்கில் படுத்துத் தூங்கினான். நானும் தின்று கையைக் கழுவிவிட்டேன். சித்தி சாப்பிடவில்லை. அப்பா வந்து சாப்பிட்டபிறகுதான் அவள் சாப்பிடுவாள். மிச்சக் குழம்பை மூடி வைத்திருந்தாள். சமைக்காத காளானும் கொஞ்சம் முறத்தில் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தை வந்தாள். வாசலில் நின்றபடியே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். முறத்தைப் பார்த்ததும் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"மஞ்சத் தண்ணியில போட்டுப் பாத்தியா?"

"இல்லைங்கண்ணி. அடியப் பாத்துத்தான் பறிச்சேன். எங்க பக்கம் அப்படித்தான் பாப்போம்."

"ஒங்க பக்கத்து நாயத்த ஒங்க பக்கத்துல வச்சுக்க. இங்க திங்கிறது என் தம்பி பெத்த புள்ளைங்க."

எங்கள் லயத்தில் அது வழக்கம். காளானைச் சட்டியில் போடும் முன்னால் மஞ்சள் கரைத்த தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். மஞ்சள் மஞ்சளாகவே நின்றால் நல்ல காளான். நிறம் மாறினால் விஷம். அத்தை ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்தாள். மஞ்சள் தூளை ஒரு சிட்டிகை போட்டாள். முறத்தில் கிடந்த காளானைப் பிய்த்துப் போட்டு, விரலை விட்டுக் கலக்கினாள்.

தண்ணீர் சிவந்தது. இரத்தம் கரைத்த மாதிரி சிவந்தது.

இப்போது இதை வாசிக்கும் பெண்களுக்கு விளங்கியிருக்கும். அத்தையின் விரல் நுனியில் இருந்த சுண்ணாம்பு அது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். கல்யாண வீட்டில் ஆரத்தி கரைக்கிறோமே, அதே சிவப்புத்தான். அன்றைக்கு அந்தக் கோப்பையை எட்டிப் பார்த்தவர்களில் ஆரத்தி கரைக்காத கை ஒன்றுகூட இல்லை. ஆனால் காளானுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எல்லாருக்கும் விஷம்தான் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கே, என் மூத்த மகளுக்கு ஆரத்தி கரைத்த அன்றுதான் இது உறைத்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். சம்பந்தி வீட்டார் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்கள்.

அன்றைக்கு அத்தை வைத்த கூச்சலில் லயமே வாசலில் கூடியது. கோப்பை கை மாறிக் கை மாறிப் போனது. பார்த்த ஒவ்வொருத்தியும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தை தூங்கிக்கொண்டிருந்த தம்பியை வாரி எடுத்தாள். எங்கள் அம்மாவின் வெண்கலச் செம்பில் கைப்பிடி கைப்பிடியாக உப்பைப் போட்டுக் கரைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றினாள். தம்பி கத்தினான், திமிறினான், பிறகு குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தான். வெசம் வெளிய வருது பாருங்க என்றாள் ஒருத்தி. அத்தை இன்னொரு செம்பு கரைத்தாள்.

நான் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு, நானும் தின்றேன், எனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று சொன்னேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த செம்பு எனக்கு வந்தது. உப்பு தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்கியது. நானும் வாந்தி எடுத்தேன். ரெண்டாவதுக்கும் வந்திருச்சு என்று வெளியே யாரோ சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு கூட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகம் மிஞ்சவில்லை. எனக்கு வாந்தியோடு போய்விட்டது, மாரியம்மா காப்பாற்றினாள். தம்பிக்கு அப்படிப் போகவில்லை. தண்ணி தண்ணி என்று முனகினான். கொடுக்கவும் பயந்தார்கள். பிறகு கண் செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது.

சித்தி அவனை வாங்கக் கையை நீட்டினாள். அத்தை விடவில்லை.

"தள்ளி நில்லு. புள்ளைங்களுக்கு ஊட்டினியே, நீ ஏன் திங்கல?"

அந்த லயத்தில் எந்த வீட்டில் பெண் முதலில் சாப்பிட்டாள்? அத்தையே ஒரு நாளாவது மாமாவுக்கு முன்னால் சாப்பிட்டிருக்கிறாளா? அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவள் சாப்பிடாமல் காத்திருந்ததே அவள் மேல் குற்றமாக நின்றது.

சித்தி அடுப்படிக்குப் போனாள். அப்பாவுக்காக மூடி வைத்திருந்த குழம்புச் சட்டியை எடுத்து வந்து வாசற்படியில், எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். சோறு போடவில்லை. வெறும் குழம்பைக் கையால் அள்ளி அள்ளித் தின்றாள். காரத்தில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நிறுத்தவில்லை. சட்டியை வழித்து விரலையும் நக்கிவிட்டுச் சொன்னாள்:

"புள்ளைக்கு என்ன ஆகுதோ அது எனக்கும் ஆகட்டும். இனி யாரும் ஒண்ணும் கேக்காதீங்க."

அதைப் பார்த்தாவது மனம் இளகியிருக்க வேண்டும். ஆனால், மாட்டிக்கிட்டோம்னு சாகப் பாக்குறா என்றுதான் பேசினார்கள். அவளுக்கும் உப்புத் தண்ணீர் கொடுக்கப் பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்க மறுத்துவிட்டாள். முறத்தில் மிஞ்சிய சமைக்காத காளானை மட்டும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தோட்டத்து லொறியை எடுக்கத் துரை சொல்ல வேண்டும். கங்காணி ஐயா பங்களாவுக்கு ஓடியிருந்தார். மழை மறுபடியும் பிடித்தது. தம்பியின் உதடு வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்தது. நாங்கள் அத்தனை நாள் பூவிலும் பூச்சியிலும் தேடித் தேடிக் காட்டிய நிறங்கள் எல்லாம் அவன் முகத்தில் வந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாரியாத்தா, எனக்கு ஒரு நிறமும் வேண்டாம், தம்பியைப் பழைய கருப்புக்கே திருப்பிக் கொடு என்று வேண்டினேன். பிள்ளை வேண்டுதல்தான். ஆனால் அதைவிட மனம் உருகி நான் பிறகு எதையும் வேண்டியதாக நினைவில்லை.

லொறி வந்தது. அத்தை தம்பியை மடியில் கிடத்திக்கொண்டு முன்னால் டிரைவர் அண்ணன் பக்கத்தில் ஏறினாள். நானும் சித்தியும் பின்னால், கொழுந்துச் சாக்குகளின் மேல். பாதி வழியில் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பா வருவது தெரிந்தது. லொறி நின்றது. அத்தை முன்னாலிருந்து எல்லாவற்றையும் கத்திச் சொன்னாள். அப்பா மூட்டையை ரோட்டோரத்திலேயே போட்டுவிட்டுப் பின்னால் ஏறினார். நனைந்துபோயிருந்தார். சித்தியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க வீட்டுப் படிய மிதிக்காத."

சித்தி தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். லொறி ஹட்டன் ஆஸ்பத்திரிக்கு விரைந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐயா சிங்களத்தில் கேட்டார், டிரைவர் அண்ணன் தமிழில் சொன்னார். சித்தி முந்தானையை அவிழ்த்துக் காளானைக் காட்டினாள். டாக்டர் ஐயா அதைப் புரட்டிப் பார்த்தார். அவருக்குக் காளானைப் பற்றி அதிகம் தெரியவில்லை போலிருந்தது, அதை ஒரு தாளில் வைத்துவிட்டு வேறு கேட்டார். பிள்ளைக்கு வேறு என்ன கொடுத்தீர்கள்? அத்தை முன்னால் வந்து, உப்புத் தண்ணீர் கொடுத்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டோம் என்றாள். அந்த நேரத்திலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. எவ்வளவு உப்பு என்று கேட்டார் டாக்டர். அத்தை இரண்டு கையையும் குவித்துக் காட்டினாள். எத்தனை தரம் என்று கேட்டதற்கு விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டாள்.

டாக்டர் ஐயாவின் முகம் மாறியது. தாதி மிஸ்ஸியைக் கூப்பிட்டு வேகமாக என்னவோ சொன்னார். தம்பியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். டிரைவர் அண்ணன் எங்கள் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உப்பு ஏறிப்போச்சாம். இப்ப இழுக்கிறது அதாலதானாம். காளானு வெசமா இல்லையான்னு காலையிலதான் தெரியுமாம். அந்த அக்காவயும் இங்கயே இருக்கச் சொல்றாரு, அவங்களுந்தான தின்னுருக்காங்க."

அத்தை கீழே உட்கார்ந்துவிட்டாள். சிமெந்துத் தரை ஈரமாக இருந்தது, அதையும் பார்க்கவில்லை. அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. சித்தியிடமும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை வார்ட்டில் பெண் ஒருத்திதான் கூட இருக்கலாம் என்றாள் மிஸ்ஸி. அம்மா யாரு என்று தமிழிலேயே கேட்டாள். அத்தை எழும்பவில்லை. அப்பா தரையைப் பார்த்தார். சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

நானும் அப்பாவும் அத்தையும் வெளியே நீளப் பலகை வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அத்தை வெற்றிலைப் பையைத் திறக்கவே இல்லை. அப்பா தெரிந்த தேவாரம் தெரியாத தேவாரம் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருவர், ஒருவர் போனாலும் எங்கள் வீடு கவிழ்ந்துவிடும் என்பது அந்த வாங்கில்தான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

விடிந்ததும் எங்களை உள்ளே விட்டார்கள். தம்பி கையில் ஊசி குத்திப் போத்தல் தொங்கியது. கண் திறந்திருந்தது. முகத்தில் அவனுடைய கருப்பு திரும்பியிருந்தது. சித்தி கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் இருந்தாள், ஒரு கேடும் இல்லாமல், தூக்கம் இல்லாத கண்ணோடு. அத்தை, கையோடு கொண்டுவந்த பாண் ரொட்டியைத் தேத்தண்ணீரில் தோய்த்துத் தம்பியின் வாயருகே நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சித்தி, காளான் இருக்கா?"

பக்கத்துக் கட்டில் அம்மாக்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு எங்கள் கதை தெரியாது. சித்தி அவன் தலையைத் தடவி, இல்லைடா, மிச்சம் எல்லாத்தையும் சித்தி தின்னுட்டேன் என்றாள். எனக்கு ஏன் வைக்கல என்று அவன் அழத் தொடங்கிவிட்டான். அவனைச் சமாதானப்படுத்த முடியாமல் அத்தை பாணைச் சித்தியிடம் நீட்டினாள்.

"நீயாச்சும் தின்னு. நேத்திலேருந்து வெறும் வயிறு."

"வெறும் வயிறு இல்லைங்கண்ணி. ஒரு சட்டி காளான் தின்னுருக்கேன்."

சிரிக்காமல்தான் சொன்னாள்.  ஊமச்சி என்று பேர் வாங்கியவள் பேசினாள். பேச்சுக்குப் பேர் போனவள் பாணைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

தம்பியை இன்னும் சில நாள் வைத்திருந்துதான் விட்டார்கள். கூட்டிப் போக நாங்கள் வந்த அன்றைக்கு, அப்பா துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வா போவோம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். ஹட்டன் பஸ் ஸ்டாண்டு வரை சித்தி எங்களுக்குப் பின்னாலேயே வந்தாள். அங்கே வந்ததும் நின்றுவிட்டாள். தம்பி அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை.

"எந்தப் பக்கம் போறதுன்னு சொல்லுங்க. பூண்டுலோயா பஸ் அந்தப் பக்கம் நிக்கிது."

அப்பா மூட்டையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.  அன்றைக்கு லொறியில் அவ்வளவு லேசாக வந்த வார்த்தை அங்கே வரவில்லை. கொண்டக்டர் நோர்வூட் நோர்வூட் என்று கூவிக்கொண்டிருந்தான். பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு காலை வைத்திருந்த அத்தைதான் இறங்கி வந்தாள்.

"புள்ளையத் தூக்கு பொண்ணு. மழை வருது. நம்ம பஸ் கெளம்பப் போகுது."

சித்தி அப்பாவைத்தான் பார்த்தாள். அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஆட்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் முன்னால் ஏறினாள்.